இருநூறு மீற்றருக்கு ஒரு தோட்டா

துவக்கைத் தொட்டும் பார்த்திராத ஒரு மனிதரிடம் வேட்டைக்காரர்கள் தேடி வந்து ஆலோசனை கேட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடம், சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் போத்தல் மூடி வார்க்கிற ஒரு தொழிற்சாலையின் கன்ரீன். நேரம், காலை ஒன்பது மணி இடைவேளை. ஆலோசனை சொன்னவர் எங்கள் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். பெயர் வேண்டாம். அவரைப் பற்றி எழுதினேன் என்று தெரிந்தால் கோபிக்க மாட்டார். ஆனால் பேனையால் எழுதினாயா, கணினியில் எழுதினாயா, ஏன் அதைத் தெரிவு செய்தாய் என்று கேட்டு ஒரு மணி நேரம் என்னை ரெலிபோனில் பிடித்து வைத்திருப்பார்.

தெரிவு செய்வது அவருக்கு ஒரு வருத்தம், தீராத நோய் மாதிரி. வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள், பாதுகாப்புச் சப்பாத்து எடுக்கக் களஞ்சியத்துக்குப் போனேன். ஏழு நிமிட வேலை. அண்ணை தற்செயலாக அங்கே நின்றார். "பொறு பிள்ளை. நீ நிண்டு வேலை செய்யப்போறியோ, நடந்து வேலை செய்யப்போறியோ?" என்று தொடங்கினார். நாற்பது நிமிடம் கழித்து நான் வெளியே வந்தபோது ஷிப்ட் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டினார். சப்பாத்து அருமையாகப் பொருந்தியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்க் கடையில் கத்தரிக்காய் வாங்கினாலும் இதே கதைதான். "இது எண்ணெயிலை போறதோ, புளியிலை போறதோ?" என்று முதலில் மனைவியிடம் கேட்பார். நாங்கள் அவவை அக்கா என்போம். அக்கா பதில் சொல்லும்வரை கையை நீட்ட மாட்டார். ஒரு பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று தெரியாமல் அதை எப்படித் தெரிவு செய்வது என்பது அவருடைய கட்சி. கடைக்காரர் அவரைக் கண்டதும் மற்ற ஆட்களுக்குக் கணக்குப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் வருவார்.

சரி, தோட்டா எப்படி வந்தது? எங்கள் ஷிப்ட் பொறுப்பாளர் செப்பி என்கிற சுவிஸ்காரர். அவருடைய தம்பி கோடையில் மலைமேல் மாடு மேய்ப்பவர். அங்கே பூனையைவிடப் பெரிய, கொழுத்த, வளை தோண்டி வாழும் மலைப் பிராணி ஒன்று உண்டு. ஊர்ப் பேச்சில் அதை முங்க் என்பார்கள். புல்வெளி முழுவதும் வளை தோண்டி வைக்கும். தம்பியின் பசு ஒன்று வளைக்குள் கால் வைத்து எலும்பை முறித்துக்கொண்டது. வேட்டை அனுமதி வைத்திருந்த தம்பி, மான் சுடுகிற பெரிய துவக்கால் முங்க் ஒன்றைச் சுட்டார். போய்ப் பார்த்தால் எடுத்து வர ஒன்றும் மிஞ்சவில்லை. தம்பியின் மனைவிக்கோ அதன் கொழுப்பு வேண்டும். அந்தக் கொழுப்பில் செய்த களிம்பை முழங்கால் நோவுக்குப் பூசுவது அங்கே பழைய வழக்கம், மருந்துக் கடையிலும் விற்கும். புருஷனும் பெண்சாதியும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லையாம்.

செப்பி இதைச் சிரிக்கத்தான் சொன்னார். கன்ரீனில் எல்லோரும் சிரித்தோம். ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு தூரத்திலை நிண்டு சுட்டவர்?" என்று அண்ணை கேட்டார்.

அவ்வளவுதான். அடுத்த நாள் செப்பி விளையாட்டாக ஒரு தோட்டாப் பட்டியல் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். அண்ணை அதற்கு உறை போட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவது போல, ஓரம் மடித்து, பிசின் நாடா ஒட்டி. அன்றிலிருந்து அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அது இல்லாத நாளே இல்லை.

அது 2009 இலையுதிர்காலம். எங்கள் ஆட்கள் யாரும் அதிகம் கதைக்காத வருடம். ஊரில் சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு தமிழ் வீடுகளில் தொலைக்காட்சியைக்கூடச் சத்தம் குறைத்துத்தான் வைத்திருந்தார்கள். அவர் ஒருவர்தான் கதைத்துக்கொண்டே இருந்தார், அதுவும் தோட்டாவைப் பற்றி. எனக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை சாவுக்குப் பிறகும் இந்த மனிதருக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்தால் கேட்காமல் இருக்க முடியாது. பாண் துண்டை ஒரு முனையில் வைப்பார், அது முங்க். உப்புப் போத்தலை மறுமுனையில் வைப்பார், அது வேட்டைக்காரர்.

"கேள் பிள்ளை. இடையிலை இருநூறு மீற்றர். கிட்டப் போக ஏலாது, ஒண்டு காவலுக்கு நிண்டு விசில் அடிச்சுப்போடும். இப்ப, சின்னத் தோட்டா எடுத்தாய் எண்டு வை. பாதி வழியிலையே களைச்சுப்போகும். காத்து தள்ளும். வயித்திலை படும். அது அப்பிடியே வளைக்குள்ளை இறங்கிப்போய் நாலு நாள் கிடந்து சாகும். பெரிசு எடுத்தாய் எண்டால் கொழுப்பும் இல்லை, தோலும் இல்லை. கடும் வேகமானது எடுத்தாய் எண்டால் பட்டவுடனை வெடிக்கும்."

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"அதுதானே பிரச்சினை" என்று அவர் முகம் மலரும். பிரச்சினை இருப்பதில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

ஹோர்னெட் என்று ஒரு சின்னத் தோட்டா. அதற்கு மேலே இரண்டு-இரண்டு-இரண்டு. அதற்கும் மேலே இரண்டு-நாலு-மூன்று. பெயரெல்லாம் எனக்கே பாடமாகிவிட்டது என்றால் பாருங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு-இரண்டு-இரண்டு என்று முடிவாயிற்று. அப்பாடா என்று இருந்தோம். பிறகு ஒரு திங்கட்கிழமை, தோட்டா சரி, ஆனால் அதன் முனையில் இருக்கும் ரவை என்ன பாரம், எந்த வடிவம் என்று புதிதாகத் தொடங்கினார். செப்பி தலையில் கை வைத்தார். ஆனால் செப்பியின் தம்பி அந்தத் தோட்டாவைத்தான் வாங்கினார். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார், அந்த ஆள் சொல்லி மற்றொருவர். இப்படித்தான் எங்கள் கன்ரீனில் வேட்டைக்காரரின் பச்சைத் தொப்பிகள் காணப்பட்டன.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், அண்ணை கையில் இருந்தது இலங்கைப் பாஸ்போட். சுவிஸ் சட்டத்தில் சில நாட்டுக் குடிமக்கள் துவக்கும் தோட்டாவும் வாங்கக்கூடாது, வைத்திருக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. இலங்கை அதில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் லுசேர்னில் ஒரு துவக்குக் கடைக்குப் போவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். நானும் அக்காவும் ஒரு தடவை கூடப் போனோம். கடைக்காரர் அன்பாக ஒரு தோட்டாவை எடுத்து நீட்ட, இவர் சுடுசட்டியைக் கண்டவர் போல இரண்டடி பின்னால் போனார்.

"இல்லை ஐயா. எனக்குத் தடை. நான் பாக்க மட்டும்தான்."

கடைக்காரருக்கே அந்தச் சட்டம் ஞாபகத்தில் இருக்கவில்லை. இவர் பணப்பையிலிருந்து சட்டத்தின் பிரதியை எடுத்துக் காட்டி அவருக்கு விளங்கப்படுத்தினார். அக்கா வெளியே வந்து என்னிடம் சொன்னா: "ஊரிலை மனிசிமார் புருஷன் குடிக்கிறான் எண்டு அழுவினம். நான் ஆரிட்டைப் போய் என்னெண்டு சொல்லி அழுறது?"

நான்தான் அவருக்குத் தோட்டா அண்ணை என்று பெயர் வைத்தேன். அது பரவியது. அவர் காதிலும் விழுந்தது. "எந்தத் தோட்டா எண்டு சொல்லாமல் விட்டிட்டியே" என்று மட்டும் சொன்னார்.

ஒரு செப்டெம்பரில் செப்பி எங்களைத் தம்பியின் மலைக்கு அழைத்துப் போனார். தம்பி துவக்கோடு புல்லில் படுத்தார். அண்ணை கொஞ்சம் தள்ளி, வெறும் தூரநோக்கியோடு படுத்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் புல் கறையாயிற்று. எதிர்ச் சரிவில் ஐந்தாறு முங்க் வெயில் காய்ந்தன. புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து அண்ணை "இப்ப வேண்டாம்" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. தம்பி பல்லைக் கடித்தார். எனக்குக் கால் விறைத்துவிட்டது. கடைசியில் "இப்ப" என்றார்.

ஒரு முங்க் சாய்ந்தது. தம்பி எழுந்து ஓடினார், செப்பி பின்னால் ஓடினார். அண்ணை ஓடவில்லை. என்னைப் பார்த்து, "மற்றதுகள் எப்ப ஓடினது? அது விழமுதலோ, விழுந்தாப் பிறகோ?" என்று கேட்டார்.

"விழுந்தாப் பிறகு" என்றேன்.

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அண்ணை, வடிவாப் பாத்தனான். அது விழுந்து, பிறகுதான் மற்றதுகள் விசில் அடிச்சுக்கொண்டு ஓடினது."

தலையை ஆட்டிவிட்டுத் தேர்மஸ் போத்தலைத் திறந்து எனக்கும் ஒரு கப் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். செத்த முங்கை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுவிட்டு இந்த மனிதருக்குக் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆசைகூட இல்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சில வருடங்கள் போயின. அவருடைய மகளுக்குப் பொலிஸாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கெட்டிக்காரி, ஓட்டத்தில் பரிசு வாங்கியவள். ஆனால் பொலிஸ் பள்ளிக்கூடத்தில் சேரச் சுவிஸ் குடியுரிமை வேண்டும். அதுவரை "சுவிஸ் பாஸ் எடுத்து என்ன செய்யிறது" என்று இருந்த அண்ணை குடும்பமாக விண்ணப்பித்தார். அதே நேரம் நானும் விண்ணப்பித்தேன். கெமைண்ட என்கிற ஊர்ச்சபையில் குடியுரிமைக் குழு ஒன்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அதில் தவறினால் மறுபடி வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மகளுக்கு அந்த வருடம் போனால் வேறு தொழில்தான் பார்க்க வேண்டிவரும்.

எங்கள் ஆட்களிடம் கைமாறிக் கைமாறி வந்த தாள் ஒன்று உண்டு. கேள்வியும் பதிலும். மந்திரிமார் எத்தனை பேர், குப்பையை எப்படிப் பிரிப்பது, சீஸ் பிடிக்குமா. பொழுதுபோக்கு என்ன என்ற கேள்விக்கு மலையில் நடப்பது என்று எழுதியிருக்கும். எம்மன்புரூக்கேயில் பாஸ் எடுத்த தமிழர் அத்தனை பேரும் அந்தக் குழுவுக்கு மலையில் நடக்கிறவர்கள்தான். பஸ் தரிப்பிடத்துக்கு நடக்காதவர்களும் அதில் அடக்கம்.

நான் அண்ணையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருத்தி அந்தத் தாளைப் பாடமாக்க வைத்தேன். "அண்ணை, தோட்டா எண்டு வாய் திறக்கக்கூடாது. சண்டை நாட்டிலை இருந்து வந்த ஆள். அவை என்ன நினைப்பினம்?" என்றேன். "சரி பிள்ளை" என்றார். அக்கா பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து மறுபடி சத்தியம் வாங்கினா.

அன்று ஆனி மாதத்து வெக்கை. முதலில் அண்ணையைத் தனியாகக் கூப்பிட்டார்கள், பிறகு மனைவியையும் மகளையும், அதற்குப் பிறகு என்னை. நாங்கள் மூவரும் அறைக்கு வெளியே நடைபாதை வாங்கில் இருந்தோம். காற்று வரட்டும் என்று அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. மந்திரிமார், குப்பை, சீஸ், எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு, பொழுதுபோக்கு என்ன என்று குழுத் தலைவி கேட்டா.

அண்ணை ஜெர்மனில் சொன்னார்: "தாளிலை மலையிலை நடக்கிறது எண்டு எழுதியிருக்கு. ஆனால் அது பொய். நான் தோட்டா தெரிவு செய்யிறனான்."

அக்கா கைப்பையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டா. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய நகம் என் தோலில் பதிந்தது.

குழுவில் ஒரு சீஸ் ஆலைக்காரர் இருந்தார், வயதான வேட்டைக்காரர். எதற்கான தோட்டா என்று அவர் கேட்டார். முங்க் என்றார் இவர். என் அப்பா ஹோர்னெட்டால்தான் சுட்டார், நானும் அதால்தான் சுடுகிறேன் என்றார் அவர். இந்த இடத்தில் எந்த மனிதரும் தலையாட்டிவிட்டு வாயை மூடுவார்.

"அது பிழை" என்றார் அண்ணை. "இருநூறு மீற்றருக்கு அது காணாது."

அடுத்த பத்து நிமிடம் அங்கே நடந்தது குடியுரிமை விசாரணையே அல்ல. பாரம், வேகம், காற்று என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். சீஸ் ஆலைக்காரரின் குரல் உயர்ந்தது. அண்ணையின் குரல் உயரவில்லை, ஆனால் ஒரு அடியும் விட்டுக்கொடுக்கவில்லை. பாஸும் போச்சு, பொலிஸும் போச்சு என்று நான் நினைத்தேன்.

குழுத் தலைவி இடைமறித்தா. மரியாதையாகத்தான் கேட்டா. நீங்கள் சண்டைக்குப் பயந்து ஓடிவந்ததாக உங்கள் கோப்பில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குத் தோட்டாவில் இவ்வளவு விருப்பம் என்றால் அதை நாங்கள் எப்படி விளங்கிக்கொள்வது?

அண்ணையின் ஜெர்மன் சின்னச் சின்ன வசனங்கள்தான். அதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"விருப்பம் இல்லை. நான் இஞ்சை ஒரு தோட்டாவையும் தொடேல்லை. எனக்குச் சட்டம் தெரியும். முங்கைச் சுடவேணும் எண்டு நான் சொல்லேல்லை, அது இவையின்ரை முடிவு. சுடுறது எண்டால், அதுக்குச் சத்தம் கேக்கக்கூடாது. சத்தம் போய்ச் சேரமுதல் ரவை போய்ச் சேந்திடவேணும். நான் அதைத்தான் பாக்கிறனான். எங்கடை ஊரிலை முகாமிலை இருந்து ஷெல் குத்துற சத்தம் முதல்லை கேக்கும். பிறகுதான் வந்து விழும். அண்டைக்கு நான் கிணத்தடியிலை நிண்டனான், அம்மா வீட்டுக்குள்ளை. அம்மாவுக்குச் சத்தம் கேட்டது. என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட அவவுக்கு நேரம் இருந்தது. நான் திரும்பிப் பாக்கவும் நேரம் இருந்தது. அந்த நேரம் இருந்திருக்கக்கூடாது."

நடைபாதையில் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அக்காவுக்கே இது தெரியாது. மாமி ஷெல்லில் செத்தவ என்று மட்டும்தான் தெரியும் என்று பிறகு சொன்னா. எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்குப் பெயர் வைத்துச் சிரித்தவள் நான்தானே.

உள்ளே சீஸ் ஆலைக்காரர்தான் கேட்டார், இந்த முறை மெதுவாக: "உங்களுடைய தோட்டா சத்தத்துக்கு எவ்வளவு முந்திப் போய்ச் சேரும்?"

"இருநூறு மீற்றரிலை எண்டால், ஒரு செக்கனிலை மூண்டிலை ஒரு பங்கு. ஹோர்னெட் எண்டால் அதிலை பாதிக்குக் கொஞ்சம் கூட."

"பெயரை எழுதித் தாருங்கள்" என்றார் அவர். காகிதம் நகரும் சத்தம் கேட்டது.

அக்காவையும் மகளையும் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். என்னிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். மலையில் நடப்பது என்று சொல்ல வாய் வரவில்லை. தொலைக்காட்சி பார்ப்பேன் என்றேன். எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது.

பிறகு நான் வேலை மாறி ஓர்லிகோனுக்கு வந்துவிட்டேன். அவர்களோடு தொடர்பு குறைந்தது. மகள் பொலிஸ் பள்ளிக்கூடம் முடித்துச் சத்தியப்பிரமாணம் எடுத்த நாளுக்கு மட்டும் அக்கா வற்புறுத்தி அழைத்தா. போனேன். புதுச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். எங்கள் பிள்ளை இரண்டாவது வரிசையில், இடுப்பில் துவக்கோடு நின்றாள். அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அந்தக் கழுத்துப்பட்டியைத் தெரிவு செய்ய இரண்டு கிழமை எடுத்ததாம்.

செப்பியும் வந்திருந்தார். ஓய்வு பெற்று, தலை முழுக்க நரைத்திருந்தது. விழா முடிந்து எல்லோரும் வைன் கிண்ணத்தோடு நின்றபோது, அண்ணையின் தோளில் தட்டி, பழைய கன்ரீன் குரலில் கேட்டார்: "சொல்லும் பார்ப்பம், மகளின் துவக்குக்கு என்ன தோட்டா போடுகிறார்கள்?"

அண்ணை மகளைப் பார்த்தார். அவள் தூரத்தில் தோழிகளோடு படம் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது" என்றார். "நான் கேக்கேல்லை."